விசிலுக்கு நின்ற சிட்டு

நட்டநடு ரோட்டில் சிட்டு மறுபடியும் நின்றுவிட்டது.

சிட்டு ஒரு மட்டக்குதிரை. நாகேந்திரனின் இடுப்பைவிடக் கொஞ்சம்தான் உயரம். ஆனால் அது நின்றால் நெமிலிச்சேரி முழுக்க நிற்கும். பின்னால் ஒரு ஷேர் ஆட்டோ, அதற்குப் பின்னால் தண்ணீர் லாரி, அதற்கும் பின்னால் கண்ணுக்கு எட்டிய மட்டும் ஹெல்மெட்டுகள்.

"இன்னா பெருசு, குதிரை பிரேக் டவுனா?" என்று கத்தினார் ஆட்டோக்காரர்.

"இதோ பூடும் நைனா, ஒரு நிமிசம்," என்றார் நாகேந்திரன், கையில் கயிற்றைப் பிடித்தபடி.

முன்னால் நின்றிருந்த பஸ்ஸில் கண்டக்டர் இரண்டு விசில் கொடுத்தார். பஸ் நகர்ந்தது. சிட்டும் நகர்ந்தது. அடுத்த நிறுத்தத்தில் ஒரு விசில் கேட்டது. பஸ் நின்றது, சிட்டும் நின்றது.

நாகேந்திரனுக்கு அப்போதுதான் பொறி தட்டியது. தலை நரைக்கிறவரை அரசு பஸ் ஓட்டிவிட்டு ஓய்வு பெற்ற மனிதர் அவர். ஒரு விசில் என்றால் நிறுத்து, இரண்டு விசில் என்றால் கிளம்பு. அந்தப் பாஷை இந்தக் குதிரைக்கு எப்படித் தெரிந்தது?

வீட்டுக்கு வந்ததும் மனைவி வசந்தாவிடம் சொன்னார்.

"தெரிஞ்சிகினு இன்னா ஆவப் போவுது?" என்றாள் வசந்தா. "மாப்பிள்ளை அழைப்பு அன்னிக்கு நடுரோட்டுல நின்னா யாரு பதில் சொல்றது? வாயை வெச்சிகினு சும்மா இருந்தீங்களா?"

இருந்திருக்கலாம்தான். மகள் மைதிலியின் நிச்சயதார்த்தத்தில் சம்பந்தி மதுரைவீரன், "மாப்பிள்ளை அழைப்புக்கு இன்னா காரு?" என்று கேட்டபோது, "காரு எதுக்கு சம்பந்தி? எங்க ஊட்டுக் குதிரையே சாரட்டு இழுக்கும்," என்று சொல்லிவிட்டார். சிட்டை வாங்கி ஒரு வாரம்கூட ஆகாத ஜோரில் வந்த வார்த்தை அது. மதுரைவீரன் மீசையைத் தடவிக்கொண்டு, "நல்ல நேரத்துக்குள்ள என் புள்ளை மண்டபத்துல கால் வெக்கணும். அவ்ளோதான்," என்றார். தவறினால் மைதிலி புகுந்த வீட்டில் காலம் பூரா இந்தக் குதிரைக் கதையைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். நாகேந்திரனுக்குத் தூக்கம் போனது அதனால்தான்.

அவர் சிட்டைக் குறை சொல்லவே மாட்டார். சொல்லவும் முடியாது. ரயில்வே ஸ்டேஷன் பக்கத்து மைதானத்தில் நீளக் கயிறு கட்டிச் சுற்றவிட்டால் அழகாகச் சுற்றும். அவர் நின்றால் நிற்கும், பின்வாங்கினால் பின்வாங்கும். ஒரு கண்ணை எப்போதும் அவர் மேலேயே வைத்திருக்கும். அந்த விசுவாசத்தைப் பார்த்து அவருக்கே சில நாள் கண் கலங்கியிருக்கிறது.

தைரியமோ, கேட்கவே வேண்டாம். பாடி மேம்பாலத்தடியில் லாரி ஹாரன்களை செல்போனில் பதிவு செய்து, அதன் காதருகே அலறவிட்டுப் பார்த்தார். சிட்டு புல்லைத் தின்றுகொண்டிருந்தது. முதுகுக்குப் பின்னால் சரவெடி கொளுத்தினார். பக்கத்துத் தெரு நாய்கள் ஊரைவிட்டே ஓடின. சிட்டு வாலை ஆட்டி ஒரு ஈயை மட்டும் விரட்டியது.

"எவன் எவ்ளோ கத்தினாலும் கண்டுக்காது அண்ணாத்தே," என்று விற்கும்போதே சொல்லியிருந்தான் முகமது ஆசிக். நசரத்பேட்டையில் கல்யாணங்களுக்குக் குதிரை வாடகைக்கு விடுகிறவன். எவ்வளவு உண்மையான மனுஷன் என்று நாகேந்திரன் நெகிழ்ந்துபோனார்.

அப்படிப்பட்ட சிட்டு விசிலுக்கு மட்டும் ஏன் நிற்கிறது?

தன் பழைய கண்டக்டர் வெங்கட்டை வரவழைத்தார். இரண்டு பேரும் கூடிப் பேசி, சிட்டின் இரண்டு காதிலும் பஞ்சை அடைத்து, மேலே பூப்போட்ட துணியால் கட்டினார்கள். நாகேந்திரன் கயிற்றைப் பிடித்து நடத்திப்போக, வெங்கட் தெருக்கோடியில் நின்று மெல்ல ஒரு விசில் ஊதினார்.

சிட்டு நின்றது.

இரண்டு ஊதினார். நடந்தது.

"மாமே! பஞ்சையும் தாண்டிக் கேக்குது பாரேன்!" வெங்கட் இரண்டு கையையும் கூப்பிவிட்டார். "இது குதிரை இல்ல மாமே, தெய்வப் பிறவி!"

நாகேந்திரனுக்குப் பெருமை ஒரு பக்கம், மாப்பிள்ளை அழைப்புக் கவலை ஒரு பக்கம். சரி, பஸ் வராத பாதையில் பழக்கலாம் என்று மறுநாள் பாதுகாப்புத் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸுக்குள் கூட்டிப்போனார். போன நேரம் சமையல் நேரம். முதல் வீட்டில் குக்கர் ஒரு விசில் விட்டது. சிட்டு அந்த வீட்டு வாசலில் நின்றது. எதிர்வீட்டுக் குக்கர்கள் அடுத்தடுத்து இரண்டு விட்டன. கிளம்பியது. மாடியில் ஒன்று, மறுபடி நின்றது.

ஒரு தெருவைத் தாண்டுவதற்குள் பருப்பெல்லாம் வெந்துவிட்டது. பெண்கள் கரண்டியோடு வாசலுக்கு வந்து பார்த்தார்கள். ஒரு அம்மாள் சிட்டுக்கு கேரட் கொடுத்து நெட்டி முறித்தாள். இன்னொருத்தி வீடியோ எடுத்தாள். சாயங்காலத்துக்குள் 'விசில் குதிரை' ஆவடி முழுக்க செல்போனில் நடந்துகொண்டிருந்தது.

ராத்திரி சம்பந்தியிடமிருந்து போன் வந்தது. "வீடியோ பாத்தேன். கொயந்தைங்கள்லாம் நல்லா சிரிச்சுதுங்க. ஆனா நான் சிரிக்கல," என்று வைத்துவிட்டார்.

மாப்பிள்ளை அழைப்பு நாளும் வந்தது. கோயிலிலிருந்து மண்டபத்துக்கு ஆவடி பஸ் ஸ்டாண்டைத் தாண்டித்தான் போகவேண்டும். ஆசிக்கே ஒரு குட்டி சாரட்டு கொண்டுவந்து பூட்டிக் கொடுத்துவிட்டு, மண்டபத்தில் காத்திருப்பதாகச் சொல்லிப் போய்விட்டான். சரிகைத் துணியும் நெற்றிச் சுட்டியுமாய் சிட்டு ஜொலித்தது. மாப்பிள்ளை அரவிந்தன் ஏறி உட்கார, பேண்டு முழங்க, நாகேந்திரன் கயிற்றைப் பிடித்து முன்னால் நடந்தார்.

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஒரு குறையுமில்லை. அங்கே எட்டுத் திசையிலிருந்தும் விசில் பறந்தது. சிட்டு நின்றது, கிளம்பியது, நின்றது, நின்றது, கிளம்பியது. மாப்பிள்ளையின் தலைப்பாகை மூக்குக்கு இறங்கிவிட்டது.

"சம்பந்தி! நல்ல நேரம் முடியப் போவுது!" என்று மதுரைவீரன் பல்லைக் கடித்தார்.

நாகேந்திரன் சிட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டார். "தாயி, எனுக்காக வேணாம். மைதிலிக்காக நடந்துடும்மா."

மண்டபத்து வாசலில் ஆரத்தித் தட்டோடு காத்திருந்த வசந்தா, எட்டத்தில் சாரட்டு நின்று நின்று வருவதைப் பார்த்துப் பொறுக்கமுடியாமல் தட்டைப் பக்கத்திலிருந்தவளிடம் கொடுத்துவிட்டு, பட்டுப்புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு ஓடிவந்தாள்.

"கயித்தை இப்பிடி குடுங்க."

"வசந்தா, உனுக்குப் பழக்கம் இல்ல..."

"குடுங்கன்றேன்!"

வாங்கினாள், விறுவிறுவென்று நடந்தாள். சிட்டும் கூடவே நடந்தது. விசில் இந்தப் பக்கம் பறந்தது, அந்தப் பக்கம் பறந்தது. சிட்டு காதைக்கூட அசைக்கவில்லை. ராஜநடை போட்டுக்கொண்டு, பஸ்ஸுக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் சாரட்டை அலுங்காமல் இழுத்துப்போன அழகைப் பார்த்து டிரைவர்களே எட்டிப்பார்த்துக் கைதட்டினார்கள். நல்ல நேரம் முடிவதற்குள் மாப்பிள்ளை மண்டபத்தில் கால் வைத்தார்.

நாகேந்திரனால்தான் ஏனோ ஊர்வலத்தோடு ஒட்டி வரமுடியவில்லை. பஸ் ஸ்டாண்டைத் தாண்டி மூச்சிரைக்க அவர் வந்து சேர்வதற்குள் ஆரத்தியே முடிந்துவிட்டது.

மதுரைவீரன் அவரை அப்படியே கட்டிக்கொண்டார். "இப்பிடி ஒரு குதிரையை நான் பாத்ததே இல்ல சம்பந்தி! இன்னா நடை, இன்னா கம்பீரம்!"

"எல்லாம் பயிற்சிதான்," என்று நெஞ்சை நிமிர்த்தினார் நாகேந்திரன். "விசில் பழக்கத்தை ஒருவழியா மறக்கடிச்சிட்டேன்."

அங்கே சாரட்டை அவிழ்த்துக்கொண்டிருந்த ஆசிக்கிடம் செல்லமாகக் கோபித்துக்கொண்டார். "ஏன் நைனா, இவ்ளோ நல்லவன், இது விசிலுக்கு நிக்கும்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

ஆசிக் புரியாமல் அவரையே பார்த்தான்.

"இன்னா விசிலு அண்ணாத்தே? சிட்டுக்குப் பொறந்ததுலேர்ந்தே காது கேக்காது; கயித்தைப் புடிச்சிகினு போறவங்க நின்னா நிக்கும், அவங்க நடந்தா நடக்கும்!"