ஓரெஸ்தே பல்போவின் ஆகாயச் சித்தப்பா

"விமானக்கார மந்திரி பல்போ உங்களுக்குச் சொந்தமா?"

மீன்காரர் நெல்லோ கேட்டபோது, ஓரெஸ்தே பல்போ காப்பிக்கடையில் வழக்கம்போல் நின்றபடியே ஒரு மடக்குக் காப்பியை விழுங்கிக்கொண்டிருந்தார். இத்தாலியின் பாசிஸ்டு ஆட்சியில் இருந்த அந்த மந்திரி, ஐம்பது வருஷத்துக்கு முன் இதே ஒர்பெத்தெல்லோ ஊர்க் காயலிலிருந்துதான் விமானங்களைக் கூட்டங்கூட்டமாக அமெரிக்காவுக்கு ஓட்டிப்போனவர்.

சொந்தமாவது ஒன்றாவது. அவர் பிறந்த டூரின் பக்கம் கல்லெறிந்தால் ஏதாவதொரு பல்போ மண்டையில்தான் விழும். ஆனால் இல்லையென்றால் பேச்சு அதோடு தீர்ந்துவிடுமே. மனைவி போனதிலிருந்து அவர் பேசுவதைக் கேட்ட ஒரே ஜீவன் காயலோரத்து நாரை. அதுவும் முதுகைக் காட்டிக்கொண்டு.

"சித்தப்பா முறை," என்றார்.

உடனே நாற்காலி வந்தது, ஒயின் வந்தது, வறுத்த விலாங்கும் வந்தது. இரண்டாவது கோப்பையில் ஓரெஸ்தே சித்தப்பாவின் தாடியைப் பிடித்து ஊஞ்சலே ஆடிவிட்டார்.

மறுநாள் அதே மேஜையில் மருந்துக்கடை ஃபொஸ்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "எங்கப்பா வாயில விளக்கெண்ணெய் ஊத்துனது உங்க சித்தப்பாவோட கருஞ்சட்டைப் பாசிஸ்டுக் கும்பல்தான், தெரியுமில்ல?"

குடும்பமே சித்தப்பாவைத் தள்ளிவைத்துவிட்டதாக ஓரெஸ்தே அவசரமாகச் சொன்னார். ஃபொஸ்கா குளிர்ந்தாள், அந்த மந்திரியைத் தெய்வமாகக் கும்பிடும் பழைய விமான மெக்கானிக் துயீலியோ கொதித்தார். அவரை ஆற்ற, சண்டை கொள்கையில் மட்டும்தான், தனக்குப் பறக்கக் கற்றுக்கொடுத்ததே சித்தப்பாதான் என்று ஓரெஸ்தே அளந்தார்.

துயீலியோ அவரைக் கட்டிக்கொண்டார். அப்படியானால் ஞாயிற்றுக்கிழமை விமானமேறி, அந்த அமெரிக்கப் பயணத்தின் ஐம்பதாம் ஆண்டுக்குக் காயல்மேல் பூத் தூவ வேண்டியது ஓரெஸ்தேதான் என்று தீர்ப்பும் சொல்லிவிட்டார்.

திரைச்சீலை மாட்ட முக்காலியில் ஏறினாலே ஓரெஸ்தேவுக்குத் தலை சுற்றும்.

ஞாயிறன்று கரையில் மூவரும் காத்திருந்தார்கள். காப்பிக்கடைக்கார இல்தேயும் வந்திருந்தாள். பூக்கூடை ஓரெஸ்தே கையில் இருந்தது. தூரத்தில் ஏதோ உறுமிற்று. ஸ்கூட்டர்தான். அதற்குள் அவர் பாதி செத்துப்போனார்.

"அந்த மந்திரி எனக்கு யாருமில்லை," என்றார். "நீங்க உக்காரச் சொன்னீங்க. எந்திரிக்க மனசு வரலை."

கூடையைக் கீழே வைத்துவிட்டு, பேச ஆளில்லாத வீட்டைப் பார்த்து நடந்தார்.

இல்தே பின்னாலேயே வந்து கையைப் பிடித்தாள். "விமானமெல்லாம் ஏதுங்க? நீங்க அளந்ததுக்கு துயீலியோ பதிலுக்கு அளந்ததுங்க அது. சீட்டாட்டத்துக்கு நாலாவது ஆள் செத்ததிலேருந்து, உங்ககிட்ட பேச்சுக் கொடுக்க ஒரு சாக்கு வேணும்னு இதுங்க மூணும் என் உயிரை வாங்குச்சுங்க, நான்தான் அந்தக் கேள்விய எடுத்துக் கொடுத்தேன். நீங்க 'இல்லை'ன்னு சொல்லிட்டு உக்காருவீங்கன்னு நெனச்சோம்."