கககக ஆண்ட கதை

ஏழு கடல் தாண்டவெல்லாம் வேண்டாம்; ஒரு கடல் தாண்டினாலே வந்துவிடும் தூரத்தில் அலங்காரபுரி என்றொரு நாடு இருந்தது. அங்கே மழை பெய்தது, நெல் விளைந்தது, வரி வசூலானது. இவற்றில் கடைசியது மட்டும் எந்த வருஷமும் பொய்த்ததில்லை.

அந்த நாட்டில் ஒரு வழக்கம். மன்னர் தம் திருக்கண்ணால் எதைப் பார்த்தாரோ அதுவே உண்மை. ஒருமுறை நகர்வலத்தில் ஓர் எருமையைப் பார்த்து, "அடடா, என்ன யானை!" என்று சொல்லிவிட்டார். அந்த எருமை சாகும்வரை கோயில் வாசலில் நின்று, தும்பிக்கை இல்லாமலே ஆசி வழங்கிக்கொண்டிருந்தது.

இந்த வழக்கத்தை மறந்ததுதான் சேந்தன் செய்த தப்பு.

சேந்தன் கணினி வேலைக்காரன். குடிமக்கள் அத்தனை பேரையும் ஒரே தரவுத்தளத்தில் அடக்கித் தரும் ஒப்பந்தம் அவனுக்குக் கிடைத்தது. கெட்டிக்காரன் என்பதால் அல்ல. வந்தவர்களில் அவன் ஒருவன்தான் யோசிக்காமல் "முடியும்" என்றான்.

கட்டி முடித்தாயிற்று. இனி ஓட்டிப் பார்க்க வேண்டும். நிஜ ஜனங்களை ஏற்ற இன்னும் நாளிருந்ததால், பொய் ஆட்களை அவனே படைத்தான். பெயர் யோசிக்கச் சோம்பல். விரல் விழுந்த இடத்தில் விசையை அமுக்கினான். கககக, மமமம, தததத என்று ஒரு தேசமே பிறந்தது. எல்லாரும் தை முதல் நாளில் பிறந்தவர்கள். 'குறை' என்ற கட்டத்தில் எல்லாருக்கும் 'இல்லை'. பசி? இல்லை. வரி பாக்கி? கேட்கவே வேண்டாம்.

இறந்தவர்களை நீக்கும் பொத்தான் ஒன்றுதான் பாக்கி. ககககவைக் கொல்ல அவனுக்கு மனம் வரவில்லை, படைத்த பாசம். தன் பெயரையே ஏற்றி, 'காலமானார்' என்பதை அழுத்தினான். திரையில் சேந்தன் காலமானான். பொத்தான் வேலை செய்கிறதென்று அவன் குதித்த அதே நேரம் கதவு திறந்தது.

மன்னர் அகண்டவர்மர், சொல்லாமல் கொள்ளாமல், பார்வையிட வந்துவிட்டார். பின்னாலேயே மந்திரி பெருமதியாரும் சபையோரும்.

"நம் நாட்டில் பசித்தவர் எத்தனை பேர்?" என்றார் மன்னர்.

மந்திரி விசையைத் தட்டினார். "ஒருவரும் இல்லை, பிரபு."

"குறை கூறுவோர்?"

"ஒருவரும் இல்லை, பிரபு."

மன்னருக்குக் கண் கலங்கிவிட்டது. "இத்தகைய உத்தமர்களை இதுநாள்வரை எங்கே ஒளித்துவைத்திருந்தீர்?"

சேந்தன் தொண்டையைச் செருமினான். "மகாராஜா, இவங்க யாரும் நிஜ ஆளுங்க இல்லீங்க. சும்மா டெஸ்ட்டுக்குப் போட்டு வச்சது. நாளைக்கு அழிச்சிடுவேன்..."

"அழிப்பதா?" மந்திரி சீறினார். "பிரபு பார்த்தாயிற்று. இனி இவர்களே குடிமக்கள். அதுசரி, குறுக்கே பேசும் நீ யார்?"

சேந்தன் பெயரைச் சொன்னான். மந்திரி திரையில் தேடினார். அவர் முகம் வாடியது. "சேந்தன் காலமாகிவிட்டார், பிரபு."

மன்னரும் குனிந்து பார்த்தார். அவ்வளவுதான், கதை முடிந்தது. கூட வந்த சபை மௌன அஞ்சலி செலுத்தியது. சேந்தனும் தலை குனிந்து நின்றான். மரியாதை என்று ஒன்று இருக்கிறதல்லவா?

வீட்டுக்குப் போனால், ரேஷன் கடையிலிருந்து வெறும் பையோடு வந்து நின்றாள் அவன் மனைவி அல்லி.

"ஏங்க, நீங்க செத்துட்டீங்களாம். குடும்பத் தலைவர் இல்லாத கார்டுக்கு அரிசி கிடையாதாம். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"நான் உயிரோடதானே இருக்கேன் அல்லி!"

"அதைக் கடைக்காரர்கிட்ட சொல்லுங்க. 'நீ நல்லாச் சொல்றம்மா, ஆனா கம்ப்யூட்டர் சொல்லலையே'ங்கறார். பானையில இன்னிக்கு ஒரு வேளைக்குத்தான் இருக்கு."

மறுநாள் சேந்தன் மந்திரியின் காலில் விழுந்தான். "ஒரே ஒரு பொத்தானுங்க ஐயா. அழுத்த உத்தரவு கொடுத்தா நான் பொழைச்சுக்குவேன். வீட்ல அடுப்பு எரியணும்."

"காலமானவர் மனுக் கொடுக்கச் சட்டத்தில் இடமில்லை," என்றார் மந்திரி. "ஆனால் வேலையைத் தொடரலாம். இறந்த பிறகும் நாட்டுக்கு உழைப்பது எத்தனை பேருக்கு வாய்க்கும்?"

அப்புறம்தான் நிஜ ஜனங்களை ஏற்றினார்கள். யாருமே கட்டத்துக்குள் அடங்கவில்லை. பிறந்த நாள் கேட்டால், "பெரிய புயலடிச்சுதே, அதுக்கு மறுநாள்" என்றார் ஒருவர். ஒருத்திக்கு அப்பா வைத்த பெயர் ஒன்று, மாமியார் வைத்தது இன்னொன்று. 'குறை' கட்டத்தில் பலர் மூச்சுவிடாமல் எழுதினார்கள்.

மன்னர் ஆணையிட்டார்: "கட்டத்தில் அடங்காதவர் எவராயினும் பிழை. பிழைக்கு அரிசி இல்லை."

கககக வகையறாவுக்கு அரிசி ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது. அவர்களுக்கு உடம்பு இல்லாததால் மூட்டைகளை மந்திரியின் மைத்துனர் பெற்றுக்கொண்டு சிரமப்பட்டார்.

அடுத்த ஆணை: பிழைகள் வடக்கு வாசல் வரிசையில் நின்று தாங்கள் இருப்பதை நிரூபிக்கலாம். அதற்கடுத்தது: வரிசையில் நிற்க டோக்கன் வேண்டும். அதற்கும் அடுத்தது: தரவுத்தளத்தில் பெயர் உள்ளவருக்கே டோக்கன். ஜனங்கள் டோக்கன் இல்லாமலே நின்றார்கள். அல்லி அங்கேயே மூன்று கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டினாள். ஆளுக்கொரு பிடி கொண்டுவந்ததைப் போட்டுக் கஞ்சி காய்ச்சினாள். வரிசை தெருவானது, தெரு ஊரானது. திரையிலோ, நாடு சொர்க்கமாகியிருந்தது.

அந்தச் சொர்க்கத்தைக் கண்டு பூரித்த மன்னர், தேர்தல் நடத்த முடிவுசெய்தார். "இத்தனை அன்பு வைத்திருக்கும் மக்கள் என்னைத் தேர்ந்தெடுக்கட்டும்!"

போட்டி என்று ஒன்று வேண்டுமே என்று, பட்டியலில் முதலில் இருந்த ககககவை எதிர் வேட்பாளராக நிறுத்தினார்கள். மன்னரின் பெயரை ஏற்றச் சேந்தனை அழைத்தார்கள். மன்னர் சொல்லத் தொடங்கினார்: "அகில புவன ராஜாதிராஜ ராஜமார்த்தாண்ட சத்ருசம்ஹார தர்மபரிபாலன..." பெயருக்கு வருமுன் சேந்தனின் விரல் வலித்தது.

"மகாராஜா, கட்டம் சின்னதுங்க. பட்டத்துல நாலஞ்சைக் குறைச்சுக்கிட்டா உங்களுக்கு நல்லது." உண்மையிலேயே அக்கறையாகத்தான் சொன்னான்.

"ஓர் எழுத்துக்கூடக் குறையக் கூடாது! அழுத்து!"

அழுத்தினான். திரையில் சிவப்பாக வந்தது: 'கட்டத்தில் அடங்கவில்லை. பிழை.'

மன்னர் அதைத் தம் திருக்கண்ணால் பார்த்தார். பார்த்த பிறகுதான் கண்ணை மூடிக்கொண்டார்.

மந்திரி பெருமூச்சு விட்டார். "பார்த்துவிட்டீர்களே, பிர..." என்று தொடங்கியவர், மிச்சத்தை விழுங்கிவிட்டு, "வடக்கு வாசல் இந்தப் பக்கம்," என்றார்.

மீதமிருந்த ஒரே வேட்பாளர் கககக. மமமமவும் ததததவும் மற்றவர்களும் ஒரு மனதாக வாக்களித்தார்கள்.

வெற்றி விழா நாளில், அல்லி கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தபோது, கிரீடமில்லாத ஓர் ஆள் வரிசையின் முன்னால் வந்து நின்றார்.

"பேரு என்னங்க?"

"அகில புவன ராஜாதிராஜ..."

"கஞ்சி ஆறிடும் சாமி. முதல்ல குடிங்க." கிண்ணத்தைக் கையில் வைத்தாள்.

அவர் குடித்தார். இன்னொரு கிண்ணமும் குடித்தார். பிறகு தலைநிமிர்ந்தவர், விறகு உடைத்துக்கொண்டிருந்த சேந்தனை வெகுநேரம் உற்றுப் பார்த்தார்.

"நீ உயிரோடுதான் இருக்கிறாய்!"

சேந்தன் கோடரியைக் கீழே வைத்தான். இந்த ஒரு வார்த்தைக்காக எத்தனை வாசல் ஏறி இறங்கியிருப்பான்!

"ஆமா மகாராஜா. நல்லாப் பார்த்துட்டீங்களா?"

"என் கண்ணாலேயே பார்த்தேன்!"

"அது இனிமே செல்லாதுங்களே," என்றான் சேந்தன். குரலில் கோபமில்லை. "புது மகாராஜாதான் பார்க்கணும். அவருக்குக் கண்ணு வைக்க நான் மறந்துட்டேன்."

அரண்மனையின் ஒலிபெருக்கியில், புதிய மன்னரின் முதல் உரையை மந்திரி வாசிப்பது கேட்டது. குறை: இல்லை. பசி: இல்லை. வரிசையில் நின்ற ஒருவர் காதைத் தீட்டிக் கேட்டுவிட்டு, "போன மகாராஜா பேசினதேதான்," என்றார்.

சேந்தன் கொஞ்சம் நகர்ந்து, பழைய மன்னருக்கு இடம் விட்டான். "எனக்குப் பின்னால நில்லுங்க. டோக்கன் எல்லாம் கேட்கமாட்டோம்."