சேர் கேட்ட நண்டும் நான் சொன்ன காலும்

நான் வாழ்க்கையில் சொன்ன பொய்களிலேயே மிகச் சிறியது இரண்டெழுத்து: ‘ஓம்.’

“சிங்களம் கதைப்பீங்களோ?” என்று நேர்முகத் தேர்வில் கேட்டார்கள். “ஓம்” என்றேன். அவ்வளவுதான்.

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. திருகோணமலைத் துறைமுகத்தைப் பார்த்தபடி இருந்த ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தில் வேலை. நானறிந்த சிங்களம் முழுவதும் கண்டிக்குப் பெரியம்மா வீட்டுக்குப் போய்வரும்போது பஸ் நடத்துநர்கள் இலவசமாகக் கற்றுத் தந்தது: முன்னுக்குப் போங்கோ, இறங்குங்கோ, காலை எடுங்கோ. இவற்றோடு சந்தையில் பொறுக்கிய ‘கிலோ என்ன விலை’. இந்த மூலதனத்தை வைத்துக்கொண்டு ஏழு மாதம் தாக்குப்பிடித்தேன் என்றால் அதற்குக் காரணம் பாரிஸ் நானா.

நானா கிண்ணியாக்காரர், எங்கள் திட்ட அலுவலர். மூன்று மொழியும் தண்ணீர்பட்ட பாடு. கொழும்பிலிருந்து யார் வந்தாலும் அவர் மொழிபெயர்ப்பார். நான் பக்கத்தில் நின்று, எல்லாம் விளங்கியதுபோல் தலையாட்டுவேன். (தலையாட்டுவதில் எனக்கு அந்தக் காலத்தில் நல்ல பெயர்.)

அந்த நாள் காலை ஆறரைக்கு நானாவிடமிருந்து தொலைபேசி வந்தது.

“தங்கச்சி, கடைவாய்ப் பல்லு வீங்கி வாயத் திறக்க ஏலாமக் கிடக்கு. இண்டைக்கு நீங்கதான் சமாளிக்கணும். உங்களுக்குச் சிங்களம் தெரியும்தானே?”

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். “ஓம் நானா, நீங்கள் யோசிக்காதேங்கோ” என்றேன்.

ஈச்சிலம்பற்றுப் பக்கத்து உப்பங்கழிக் களப்பில் நண்டு பிடிக்கும் பெண்கள் இருபது பேர் ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். பிடித்த நண்டு, வியாபாரியின் லொறி வருமுன் வெயிலில் செத்துப் பழுதாகிவிடும். பெரிய ஐஸ் பெட்டிகள் கேட்டு ஒரு வருடமாகக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்கள். அதைக் கொடுக்கலாமா என்று முடிவெடுக்கும் அதிகாரிதான் அன்று கொழும்பிலிருந்து வந்திருந்தார். நரைத்த தலை, மெல்லிய குரல். எங்களுக்கு அவர் ‘சேர்’. தமிழில் ‘வணக்கம்’ தெரியும். ஆக, என் சிங்களமும் அவர் தமிழும் ஏறக்குறைய ஒரே வகுப்பில் படித்தவை.

வாடகை வான் தோப்பூரைத் தாண்டும்வரை சேர் நித்திரை. அவர் எழும்பாமலே திரும்பிவிட வேண்டும் என்று நான் நேர்த்திவைக்காத தெய்வம் இல்லை.

பொதுநோக்கு மண்டபத்தில் பெண்கள் சேலை கட்டி, பிளாஸ்டிக் கதிரைகளை வரிசையாகப் போட்டுக் காத்திருந்தார்கள். தலைவி மங்களக்கா. குரல் கடலுக்கு அந்தப்பக்கம் கேட்கும்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சிங்களத்தில் கால் ‘கக்குல’. நண்டு ‘கக்குளுவா’. முதலாவது சொல்லைப் பஸ்ஸில் கற்றிருந்தேன். இரண்டாவது என்று ஒன்று உலகத்தில் இருப்பதே எனக்குத் தெரியாது.

சேர் கனிவாகச் சிரித்து, “கக்குளுவோ கொஹோமத?” என்றார்.

எனக்குப் புல்லரித்தது. விளங்கிவிட்டது! “அக்கா, உங்கட கால் எல்லாம் எப்பிடி எண்டு சேர் கேக்கிறார்.”

மங்களக்கா தன் காலைக் குனிந்து பார்த்தார். “காலோ? என்ன சொல்றது பிள்ளை, விடிய நாலு மணியில இருந்து தண்ணிக்குள்ள நிக்கிறம். முழங்கால் உளைவு ஒருநாளும் விடாது.”

‘உளைவு’க்குச் சிங்களம் தெரியாததால், “நல்லம் இல்லை” என்ற கருத்தில் ஏதோ சொன்னேன். சேரின் முகம் வாடியது. நண்டு நன்றாக இல்லையென்றால் ஐஸ் பெட்டி எதற்கு?

பார்க்கலாமா என்று கேட்டார்.

“சேர் பாக்கோணுமாம்.”

“எதை?”

“கா… காலை.”

“அவர் டொக்டரோ?” என்றார் மங்களக்கா.

“இருக்கலாம்” என்றேன். (சத்தியமாக அப்படித்தான் சொன்னேன்.)

டொக்டர் என்றதும் வரிசை உருவாகிவிட்டது. வெடித்த குதிகால், உப்புத் தண்ணீரில் ஊறி வெளுத்த விரல், ஆறாத புண் என்று ஒவ்வொன்றாகக் கதிரையில் ஏறின. நண்டைப் பார்க்க வந்த மனிதர், எதுவும் புரியாவிட்டாலும் மரியாதைக்காக ஒவ்வொரு காலையும் குனிந்து பார்த்தார். கடைசியில், விஷயத்துக்கு வருவோம் என்று நினைத்தாரோ என்னவோ, “கிலோ எக்க கீயத?” என்று கேட்டார்.

இது எனக்கு நன்றாகத் தெரிந்த சிங்களம். அதுதான் கொடுமை.

“அக்கா… கிலோ என்ன விலையாம்.”

“என்ரை காலோ?!”

வாசலில் சாய்ந்து நின்ற வான் சாரதி அப்போதுதான் வெடித்துச் சிரித்தார். மூதூர்க்காரர், இரண்டு மொழியும் சரளமாகக் கதைப்பவர். காலையிலிருந்து என்னோடு வந்துகொண்டிருந்தார். உதவி கேட்டால் குட்டு வெளிப்படும் என்று நான்தான் கேட்கவில்லை.

“மிஸ், சேர் கேக்கிறது நண்டு! நண்டு!”

பிறகு சிங்களத்தில் சேருக்கு விளக்கினார். சேர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். பெண்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து சிரித்தார்கள். நான் மட்டும் அழுதுகொண்டிருந்தேன். என் வேலை போவது இருக்கட்டும். அவர்களுடைய ஒரு வருடக் காத்திருப்பை ஒரு சொல்லில் கெடுத்துவிட்டேனே. எழுந்து நின்று, “அக்கா, எனக்குச் சிங்களம் தெரியாது. பொய் சொல்லிப்போட்டன்” என்றேன். சாரதி அதையும் மொழிபெயர்த்தார்.

சிரிப்பு அடங்கியதும் சேர் மறுபடி அந்தக் கால்களைப் பார்த்தார். இந்தமுறை சரியாக. எத்தனை மணிநேரம் தண்ணீரில் நிற்கிறீர்கள் என்று சாரதி மூலம் கேட்டுக் கேட்டு எழுதினார். ஐஸ் பெட்டிகள் வந்தன. அவற்றுக்கு முன்பே இருபது சோடி இறப்பர் சப்பாத்தும் வந்தது. எல்லாம் ஆம்பிளைகளின் அளவு. மங்களக்கா முன்பக்கம் துணி அடைத்துப் போட்டுக்கொண்டு, “பிள்ளை பிழையாச் சொன்னதால வந்தது” என்று ஊரெல்லாம் காட்டினாராம்.

மறுநாள் நானாவிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். “அல்லாஹ்வே, சிரிக்க வைக்காதீங்க, நோகுது” என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். அன்றிலிருந்து தேநீர் வேளையில் தினம் பத்துச் சொல் சொல்லித் தந்தார். “விளங்கேல்லை, திருப்பிச் சொல்லுங்கோ” என்று கூச்சமில்லாமல் கேட்கப் பழகியதும் அவரிடம்தான். அப்படிக் கேட்கத் தெரியாமல் அன்று நான் பட்ட பாட்டில் பாதிகூட இன்று எனக்கு இல்லை.

வீட்டில்தான் விமோசனமே இல்லை. குசினியில் நண்டுக் கறி கொதித்தால் என் கணவர் எட்டிப் பார்த்து, “இண்டைக்குக் காலோ?” என்பார். நண்டு என்ற சொல் எங்கள் வீட்டில் வழக்கொழிந்தே போய்விட்டது. போன தவணை மகளின் பாடசாலையிலிருந்து எங்கள் இருவரையும் வரச் சொன்னார்கள். சிங்களப் பாட ஆசிரியை விடைத்தாளை நீட்டினார். ‘மனிதனுக்கு இரண்டு நண்டுகள் உண்டு’ என்று மகள் சிங்களத்தில் அழகான கையெழுத்தில் எழுதியிருந்தாள்.

“வீட்டில பிள்ளைக்குச் சிங்களம் ஆர் சொல்லிக் குடுக்கிறது?” என்று ஆசிரியை கேட்டார்.

கணவர் விரலை என் பக்கம் நீட்டினார்.