எருமையின் ஓட்டு

"இதை உங்களிடம் யார் கேட்டது?"

திரையில் அந்த ஒரே வரிதான் இருந்தது. ஹர்யோ மனதுக்குள் மூன்று முறை படித்தான். நான்காவது முறை வாய்விட்டே படித்தான். பச்சைப்பயறு கஞ்சி குடித்துக்கொண்டிருந்த கல்லூரிப் பையன்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"மூணு வருஷம் நாயா உழைச்சிருக்கேன். யார் கேட்டதுன்னு கேக்குறான் அக்கா! என்னைப் பாத்து!"

கடைக்கார நெனெங் அக்கா கொதிக்கிற நூடுல்ஸில் முட்டையை உடைத்து ஊற்றினாள். "யாரு தம்பி?"

"தெரிஞ்சா சும்மா விடுவேனா? பேரு கிடையாது, மூஞ்சி கிடையாது. வெறும் நம்பரு."

"பேரில்லாத ஆளுகிட்ட எதுக்குச் சண்டை? டீ ஆறுது, குடிங்க."

ஹர்யோவுக்கு டீ இறங்கவில்லை. அவன் பாகுல் என்ற பிளாக்செயினின் தொண்டன். யாரும் அழித்து எழுத முடியாத பொதுக் கணக்கு ஒன்றை ஊர் ஊராகப் பல கணினிகள் சேர்ந்து காக்கிற ஏற்பாடு அது. அதற்கு முதலாளி கிடையாது, மேனேஜர் கிடையாது, ஆகவே சம்பளமும் கிடையாது. யார் வேண்டுமானாலும் எந்த வேலையையும் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்யலாம். செய்த வேலை சமூகத்துக்குப் பயன்பட்டது என்று பிற்பாடு நிரூபித்தால், உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டுப் பொது நிதியிலிருந்து பணம் தருவார்கள். அதற்குப் பின்வெகுமதி என்று பெயர். ஹர்யோ மூன்று வருஷம் வாயைத் திறக்கவில்லை. இந்த வாரம்தான் வெகுமதி கேட்டு விண்ணப்பம் போட்டிருந்தான்.

செய்தது கொஞ்சமா? புதியவர்களுக்கான கையேட்டைத் தங்கள் ஜாவாத் தீவின் மொழியில் எழுதினான். ரகசியச் சொல்லைத் தொலைத்துவிட்டு அழுதவர்களுக்கு மணிக்கணக்கில் போனில் தைரியம் சொன்னான். பரிசு விழுந்திருக்கிறது என்று வலை வீசியவர்களைக் கண்டுபிடித்துக் குழுவிலிருந்து துரத்தினான். எல்லாவற்றுக்கும் மேலாக, தன்னுடைய பழைய லேப்டாப் ஒன்றை இதே கடையில் ஃபிரிட்ஜுக்குப் பின்னால் சொருகி, அணைக்காமல் ஓடவிட்டு, பாகுலின் கணக்குக்கு ஒரு பிரதி காத்துவந்தான்.

"அந்த லேப்டாப்ப எடுத்துட்டுப் போங்க தம்பி," என்றாள் நெனெங் அக்கா, அவன் நினைப்பைப் படித்தவள்போல. "நோன்பு வர்றதுக்குள்ள கடையைக் கழுவணும். கரப்பான் குடும்பமே அதுக்குள்ள குடித்தனம் பண்ணுது."

"அது சமூகத்துக்காக ஓடுது அக்கா!"

"என் கரண்டுல ஓடுது."

நன்றி கெட்ட உலகம் என்று ஹர்யோ நினைத்துக்கொண்டான்.

வீட்டில் நிலைமை இன்னும் மோசம். அவன் மனைவி லிந்தாங் விண்ணப்பம் போட்ட அன்றைக்கே தீர்ப்பு சொல்லிவிட்டாள். "சனிக்கிழமை சாயங்காலம் ஓட்டு முடியுதுல்ல? ஜெயிச்சா உங்க இஷ்டம், நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். தோத்தா திங்கக்கிழமை காலைல அப்பா கடைக்குப் போறீங்க."

அப்பா என்றால் அவன் மாமனார் சுரோத்தோ. தண்ணீர் மோட்டார் கடை வைத்திருக்கிறார். மாப்பிள்ளை ஜெயிப்பான் என்ற நம்பிக்கை அவருக்குத் துளியும் இல்லாததால் சீருடைச் சட்டையைக்கூடத் தைத்து அனுப்பிவிட்டார். சட்டைப்பையின் மேல் 'ஹர்யோ', முதுகில் மோட்டார் படம், கீழே 'தடையில்லாத தண்ணீர்'. அது வீட்டில் கதவுக் கொக்கியில் தொங்கிக்கொண்டு, போகும்போதும் வரும்போதும் அவனைப் பார்த்தது.

அந்தச் சட்டைக்குப் பயந்துதான் அவன் விண்ணப்பத்தைத் திருத்த உட்கார்ந்தான். இரண்டு பத்தியை இருபது பத்தியாக்கினான். போட்டோ சேர்த்தான். "என் இளமையை" என்று தொடங்கும் ஒரு வாக்கியத்தைச் சேர்த்தபோது அவனுக்கே கண் கலங்கியது. அனுப்பினான்.

மூச்சு விடுவதற்குள் பதில் வந்தது. "சொற்கள் கூடியிருக்கின்றன. வேலை கூடவில்லை."

அதே நம்பர். கீழே வரிசையாகச் சிரிப்புப் படங்கள். ஏற்கெனவே ஆதரித்தவர்களில் பாதிப் பேர் ஓட்டை மாற்றிப் போட்டார்கள்.

ஹர்யோ ஓட்டு நடத்தும் கலிஹைப் போனில் பிடித்தான். கலிஹ் நல்ல பையன், அதனாலேயே யாருக்கும் உதவாதவன்.

"யாருடா அவன்?"

"யாருக்குமே தெரியாதுண்ணே. நாங்க எருமைன்னு கூப்பிடுவோம். வழியில படுத்துக்கிச்சுன்னா நகராது. யார் காசு கேட்டாலும் வேணாம்னு ஓட்டுப் போடும். ரொம்ப நேர்மைண்ணே. அதனாலதான் பாதிப் பேரு தங்களோட ஓட்டையும் அதுகிட்டயே ஒப்படைச்சுட்டாங்க. 'எங்க சார்பா நீயே போடு'ன்னு."

"நேர்மையாவது! நோகாம ஒரு வரி எழுதிட்டுப் போறான். உழைக்கிறவன் வயித்துல அடிக்கிறான்!"

"நீங்க உதவி செஞ்ச ஆளுங்களைச் சாட்சி சொல்லச் சொல்லுங்கண்ணே. எருமை என்ன பண்ணும்னு பாப்போம்."

நல்ல யோசனையாகத்தான் பட்டது. ஹர்யோ தன்னிடம் அழுதவர்கள், புலம்பியவர்கள் எல்லாரையும் பிடித்தான். என்ன எழுதுவது என்று அவர்கள் முழித்ததால் ஒரு மாதிரிக் கடிதமும் எழுதிக் கொடுத்தான். மத்தியானத்துக்குள் சாட்சிகள் மளமளவென்று வந்து இறங்கின. பெரும்பாலானவர்கள் அப்படியே எடுத்து ஒட்டியிருந்தார்கள். ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர், "வணக்கம், நான் இங்கே உங்கள் பெயரை எழுதவும்" என்றே தொடங்கியிருந்தார்.

எருமை சொன்னது: "நண்பர்கள் இருப்பது நல்லது. அது சேவையில் சேராது."

இந்த முறை ஊரே சிரித்தது. கள்ள ஆட்களை வைத்து ஓட்டுச் சேர்க்கிறான் என்று ஒருத்தி எழுதினாள். கள்ள ஆட்களை விரட்டியவனே ஹர்யோதான் என்பதை எவனாவது நினைத்துப் பார்த்தானா? பார்க்கவில்லை. அவனுக்குக் காது மடலெல்லாம் சுட்டது. லிந்தாங் அவன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துப் படித்துவிட்டு, "யாரோ தெரியல. ஆனா விவரமான ஆளு," என்றாள்.

"நீ யார் பக்கம்?"

"சட்டை பக்கம்."

ஹர்யோவுக்கு ஒரு பழைய கதை ஞாபகம் வந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்பு ஒருவன் தினமும் குழுவில் "காலை வணக்கம்" எழுதியதற்கே வெகுமதி கேட்டான். வாங்கியும்விட்டான். இன்னொருவன் பூனைப் படம் போட்டதற்கு வாங்கினான். அன்றைக்கு ஹர்யோ கொதித்த கொதிப்பு கொஞ்சநஞ்சமல்ல. இந்த மாதிரி ஆட்களுக்கு ஒரு நிரந்தர ஏற்பாடு செய்தே தீருவேன் என்று லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு நெனெங் கடைக்குப் போய்ச் சாப்பாடு தண்ணீர் இல்லாமல் உட்கார்ந்து ஏதோ நிரல் எழுதிக்கொண்டிருந்தான். பிறகு கையேட்டு வேலை வந்தது, வேறு வேலைகள் வந்தன, கொதிப்பும் அடங்கியது. அந்தக் காலை வணக்கக்காரனுக்குக் கொடுத்தார்களே, எனக்குக் கொடுத்தால் என்ன கேடு என்பதுதான் இப்போது அவன் கேள்வி.

அதையே எழுதினான். கூடவே, "முகத்தைக் காட்டத் துணிச்சலில்லாத எருமையே, சேற்றை விட்டு வெளியே வா!" என்றும் எழுதினான்.

"கோபத்துக்குத் தனி வெகுமதி இல்லை," என்றது எருமை.

சாயங்காலத்துக்குள் இன்னும் நாற்பது பேர் தங்கள் ஓட்டை எருமையிடம் ஒப்படைத்தார்கள். இவ்வளவு திட்டு வாங்கியும் நிதானம் இழக்காதவர் என்று அதற்குப் பாராட்டு வேறு.

சரி, என் ஓட்டாவது எனக்கு விழட்டும் என்று வெள்ளிக்கிழமை காலையில் ஹர்யோ ஓட்டுப் போடப் போனான். பொத்தானை அமுக்கினால் நகரவில்லை. "உங்கள் ஓட்டு ஏற்கெனவே வேறொருவரிடம் ஒப்படைக்கப்பட்டுள்ளது" என்று வந்தது. யாரிடம் என்று பார்த்தான். எருமையிடம். இரண்டு வருஷமாக.

"நானே இவனுக்கு ஓட்டைக் குடுத்திருக்கேன் அக்கா! அப்ப ஏதோ நல்லவனாத் தெரிஞ்சிருக்கான்!"

"ஆம்பளைங்கள நம்பினா அப்படித்தான்," என்றாள் நெனெங் அக்கா, தன் கதையை மனதில் வைத்துக்கொண்டு.

ஓட்டைத் திரும்ப வாங்க விண்ணப்பித்தால் ஒரு வாரம் ஆகுமாம். ஹர்யோ மேஜையில் குத்தினான். மிளகாய்ச் சாந்துக் கிண்ணம் துள்ளி அவன் மடியிலேயே விழுந்தது.

துடைத்துக்கொண்டிருந்தபோது கலிஹ் கூப்பிட்டான். குரலில் ஒரு தயக்கம்.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. புதுசா ஒரு முன்மொழிவு வந்திருக்கு. எருமைக்குப் பின்வெகுமதி குடுக்கணும்னு."

ஹர்யோ துடைத்த துணியைக் கிண்ணத்துக்குள் எறிந்தான்.

"பாருங்க, அது ரெண்டு வருஷமா சல்லிக்காசு வாங்காம பொது நிதியைக் காவல் காத்திருக்கு. தவிர, விண்ணப்பம் போடாத ஒரே ஆளும் அதுதான். உங்களோடதைவிட நாலு மடங்கு தொகை. இதுக்கும் நாளைக்கேதான் ஓட்டு. ஜெயிச்சா எருமை நேர்ல வந்து கையெழுத்துப் போட்டு வாங்கிக்கணும்."

"எந்த முட்டாள்டா முன்மொழிஞ்சது?"

"நான்தாண்ணே."

ஹர்யோ போனை வைத்தான். உழைத்தவனுக்கு ஒன்றுமில்லை, உழைப்பைக் குறை சொன்னவனுக்கு நாலு மடங்கு! தன் விண்ணப்பத்தை அந்த நிமிஷமே அவன் மறந்துவிட்டான். தான் தோற்றாலும் சரி, மோட்டார் விற்றாலும் சரி, அந்த எருமைக்கு ஒரு காசு போகக்கூடாது.

அன்று முழுக்க அவன் எழுதினான். போன் செய்தான். அழுதவர்கள், புலம்பியவர்கள், தபால்காரர், எல்லாரையும் மறுபடி திரட்டினான். "வேண்டாம் என்று சொல்வதும் ஒரு வேலையா? கேட்காமல் செய்ததற்கெல்லாம் கொடுத்துக்கொண்டே போனால் பொது நிதி என்ன ஆகும்? இதை அவரிடம் யார் கேட்டது?" என்று அவன் எழுதியது நெருப்பாக இருந்தது. தனக்காக எழுதியபோது வராத எழுத்தெல்லாம் இப்போது வந்தது. படித்தவர்கள் அசந்துபோனார்கள். முதல்முறையாக அவனுக்குக் கைதட்டல் படங்கள் குவிந்தன.

சனிக்கிழமை மத்தியானம் லிந்தாங்கும் கடைக்கு வந்து எதிரே உட்கார்ந்துகொண்டாள். கையில் ஒரு துணிப்பை. உள்ளே என்ன இருக்கிறது என்று அவன் கேட்கவில்லை. நெனெங் அக்கா வாளித் தண்ணீரோடும் துடைப்பத்தோடும் கடையைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

முதலில் ஹர்யோவின் முடிவு வந்தது. தோல்வி. எருமையும், எருமையிடம் ஒப்படைத்தவர்களும், அவனுடைய சொந்த ஓட்டும் அவனுக்கு எதிராக விழுந்திருந்தன.

லிந்தாங் துணிப்பையை மேஜைமேல் வைத்தாள்.

"இரு, இரு," என்றான் ஹர்யோ. "இன்னொண்ணு இருக்கு."

கலிஹ் போனில் வந்தான்.

"அண்ணே, எருமைக்கும் கிடைக்கலண்ணே."

ஹர்யோ நாற்காலியிலிருந்து எழுந்தான்.

"உங்க எழுத்தைப் படிச்சு ஏகப்பட்ட பேரு மாறிட்டாங்க. ஆனா கடைசியில கவுத்தது அதுவேதான். அந்த எருமை தன்னோட ஓட்டையும், தன்கிட்ட ஒப்படைச்ச அத்தனை ஓட்டையும் தனக்கே எதிராப் போட்டுடுச்சு. 'இதை உங்களிடம் யார் கேட்டது'ன்னு தனக்குத்தானே எழுதியும் வச்சிருக்கு. இந்தக் காலத்துல இப்படி ஒரு மனுஷன் உண்டாண்ணே? குழுவுல பல பேரு அழுதுட்டாங்க."

"நடிக்கிறான்டா!" என்று கத்தினான் ஹர்யோ. "அவனுக்குப் போகல இல்ல? அது போதும் எனக்கு!"

போனை வைத்தபோது அவன் முகம் மலர்ந்திருந்தது. மூன்று வருஷத்தில் பாகுலில் அவன் முயன்று பலித்த ஒரே காரியம் அதுதான். துணிப்பையிலிருந்து தானே சட்டையை எடுத்தான். தானே மாட்டிக்கொண்டான். அளவு சரியாக இருந்தது.

"என்ன, இவ்வளவு சந்தோஷமா?" என்றாள் லிந்தாங்.

"நியாயம் ஜெயிச்சிருக்கு லிந்தாங். நாலு மடங்கு பணம். அந்த அயோக்கியன் இந்நேரம் எங்கேயோ உக்காந்து வயிறு எரிஞ்சுட்டிருப்பான்."

ஃபிரிட்ஜ் நகர்கிற சத்தம் கேட்டது. நெனெங் அக்கா அதன் பின்னாலிருந்து ஒட்டடையோடு வெளியே வந்தாள். திறந்த லேப்டாப்பை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து அவன் முன்னால் வைத்தாள்.

"தம்பி, துடைக்கலாம்னு தொறந்தேன், இந்த வாரம் பூரா நீங்க திட்டத் திட்ட உங்க பேரைப் போட்டு 'இதை உங்களிடம் யார் கேட்டது'ன்னு இதுதான் பதில் எழுதிட்டிருந்திருக்கு, பாவம், ரெண்டு வருஷமா சோறு தண்ணி இல்லாம உழைச்சிருக்கு, உங்க ஆளுங்ககிட்டச் சொல்லி இதுக்காவது ஏதாவது வாங்கிக் குடுக்கக் கூடாதா?"