சிவப்புக் கட்டத் துணி

ஏழு குன்றும் ஒரே கண்மாயும் கொண்ட ஒரு நாட்டில், அடலேறு என்றொரு குலத்தலைவன் இருந்தான். சண்டையில் தன் ஆளையே வெட்டிவிடக் கூடாதே என்ற பயத்தில், தனக்கு ஆடு மேய்த்தவன், அடுப்பெரித்தவன் எல்லோருக்கும் சிவப்புக் கட்டம் போட்ட துணி கொடுத்தான். தன் பெயரையும் வைத்துக்கொள்ளச் சொன்னான். அவ்வளவுதான் சங்கதி.

நூறு வருஷம் கழித்து, அந்தத் துணி வைத்திருப்பவரெல்லாம் அரச வம்சம் என்று குலப்பதிவு அமைச்சர் பேரொளியார் அறிவித்தார். தேர்தல் வரப்போகிறது அல்லவா! பெட்டியைக் கிண்டாத வீடில்லை. ஒரே வாரத்தில் நாடு முழுக்கப் பிரபுக்கள். குடிசைக்காரி சிலம்பாயியின் புருஷன்கூடப் பிரபுவாகிச் சபையில் போய் உட்கார்ந்துகொண்டான். சிலம்பாயி மட்டும் பதியவில்லை. தாய்வீட்டில் கொடுத்த சிவப்புக் கட்டத் துணியில் அவள் தூளி கட்டியிருந்தாள். பதிவு நாளன்று பிள்ளைக்குக் காய்ச்சல். தூங்குகிற பிள்ளையை எழுப்பிவிட்டா துணியை அவிழ்ப்பாள்?

அடுத்து, பிரபுக்கள் மண்ணைத் தொடக் கூடாது என்று சட்டம் வந்தது. வயலில் களை மண்டியது. பசிக்கிறது என்று சொல்வது வம்சத்துக்கு இழுக்கு என்று இன்னொரு சட்டம். பிரபுக்கள் வெறும் வயிற்றில் ஏப்பம் விட்டுப் பழகினார்கள்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. கண்மாய்க் கரைக்குக் கீழேதான் சிலம்பாயியின் குடிசை. ஒருநாள் மத்தியானம் கரையடியில் விரல் கனத்துக்குக் கலங்கல் நீர் கசிவதைப் பார்த்தாள். சபைக்கு ஓடினாள்.

“ஐயா, கரை கசியுதுங்க! ஆளுக்கு ஒரு கூடை மண்ணு போட்டா நின்னுரும். கீழ எம்புள்ள கெடக்குதுங்க!”

“அரச வம்சம் கட்டிய கரை கசியாது. வெயிலில் வியர்த்திருக்கும்,” என்றார் பேரொளியார்.

“மழை கொட்டுதுங்களே!”

“எப்படியாயினும், மண்ணைத் தொட உரிமையுள்ள குடி நீ ஒருத்திதான். சபை உன்னை முழுமனதாக நம்புகிறது.”

“அப்ப என்னையும் பிரபுன்னு எழுதிக்குங்க. எங்கிட்டயும் துணி இருக்கு.”

“அது எப்படி? நாங்கள் ஆள ஒருத்தராவது வேண்டாமா?”

அவள் புருஷனைப் பார்த்தாள். அவன் விட்டத்தைப் பார்த்தான். பாவி!

திரும்பி வருவதற்குள் கசிவு கை கனத்துக்கு ஆகியிருந்தது. பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு, தூளியை அவிழ்த்து மண்ணை வைத்துச் சுருட்டினாள். நீர்ப்பக்கம் இறங்கி, ஓட்டையைக் காலால் தேடித் திணித்தாள். தண்ணீர் நின்றது.

சேதி கேட்டுப் பிரபுக்கள் மேளதாளத்தோடு கரையடிக்கு வந்தார்கள்.

“அடலேறின் துணி நாட்டைக் காத்தது!” என்று பேரொளியார் கரைக்கு மாலை போட்டார். மாலை விழுந்த இடத்துக்குப் பத்தடி தள்ளிக் கரை மறுபடி பீறிட்டது. அவர் சிலம்பாயியைப் பார்த்தார்.

“ம், சீக்கிரம்.”

“எங்கிட்ட இருந்தது ஒண்ணுதானுங்க. உங்க தோள்ல கெடக்கே, அதக் குடுங்க. எத்தன ஓட்டைன்னாலும் அடச்சிரலாம்.”

கூட்டம் மொத்தமும் தன் தோள் துணியை இறுகப் பிடித்துக்கொண்டது. அவள் புருஷனும்தான்.

சிலம்பாயி பிள்ளையோடு குன்றில் ஏறத் தொடங்கினாள்.

“எங்கே போகிறாய்? நீ போய்விட்டால் நாங்கள் யாரை ஆள்வது?” என்று கத்தினார் பேரொளியார். தண்ணீர் அவர் முழங்காலுக்கு வந்திருந்தது.