கடல்கன்னிக்கு ரவிக்கை போட்ட கதை

நேரில் பார்த்தவன் எதையும் தயங்கித் தயங்கித்தான் சொல்வான். பார்த்தவனிடம் கேட்டவன் கொஞ்சம் தைரியமாகச் சொல்வான். கேட்டவனிடம் கேட்டவன் இருக்கிறானே, அவன்தான் மேஜையைத் தட்டிச் சத்தியம் செய்வான். அப்படிப்பட்ட ஒரு மூன்றாம் ஆளை நம்பித்தான், ஆம்பூரில் ஒரு கிடங்கு நிறைய ஆட்டுத்தோலையும் நிச்சயமான என் கல்யாணத்தையும் சேர்த்துப் பாலாற்றில் விடப் பார்த்தேன்.

அப்போது நான் ரஹீம் சாயபுவின் தோல் பதனிடும் டேனரியில் இங்கிலீஷ் கிளார்க். வேலூர் மிஷன் பள்ளியில் படித்தவன் என்பதால் எனக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் இல்லை என்ற நினைப்பு. (மீசை சரியாக முளைக்காத வயதில் இந்த நினைப்பு மட்டும் நன்றாக முளைத்துவிடுகிறது.) வேலூரில் ஓர் உபதேசியாரின் மகள் கிரேஸை எனக்கு நிச்சயம் செய்திருந்தார்கள். சர்ச்சில் மூன்று ஞாயிறு கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்து, யாரும் ஆட்சேபம் சொல்லாவிட்டால் கல்யாணம். உபதேசியார் கறாரான மனிதர். “உத்தியோகமும் ஒழுக்கமும் இருக்கிற வரைக்கும்தான் இந்தச் சம்பந்தம், தம்பி” என்று முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார். இரண்டையும் ஒரே வாரத்தில் நான் சந்தேகத்துக்கு ஆளாக்குவேன் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

அந்தச் சமயத்தில் அமெரிக்காவிலிருந்து பார்க்கர் என்று ஒரு தோல் வியாபாரி வருவதாகத் தகவல் வந்தது. மதராஸில் கப்பல் இறங்கி, நேரே எங்கள் டேனரிக்கு வருகிறார். தோல் விலை விழுந்து கிடந்த காலம். இந்தத் துரை வாங்கவில்லையென்றால் டேனரியை மூட வேண்டியதுதான் என்று சாயபு வாய்விட்டே சொன்னார். துரை மார்மன் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர் என்றும் கேள்வி. மார்மன் என்றால் என்ன என்று சாயபு என்னைக் கேட்டார். தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லாததால் நான் விளக்கினேன்.

“அவங்களுக்கு உயிரோட ஒரு தீர்க்கதரிசி இருக்காருங்க. காபி, டீ, சுருட்டு, சாராயம் எதையும் தொடமாட்டாங்க. முன்காலத்துல நிறைய சம்சாரம் கட்டுவாங்களாம்.”

“ஒண்ணுக்கே பேஜாரா இருக்குது” என்றார் சாயபு. “அது கெடக்கட்டும். மோர் ரெடி பண்ணச் சொல்லு.”

விஷயம் மோரோடு முடிந்திருக்க வேண்டும். பட்டறை மேஸ்திரி சின்னப்பன் குறுக்கே வந்தார். அவருடைய சகலை மதராஸில் ஒரு கப்பல் கம்பெனியில் பியூன். அந்தப் பியூனுக்கு ஒரு பட்லர் தோஸ்த். அந்த பட்லர் எங்கேயோ கேட்ட சமாச்சாரம் இது:

“அம்மணப் படம் இருக்கிற எடத்துல இருந்து ஏத்துற சரக்கு கரை சேராதுன்னு அவுங்க தீர்க்கதரிசி சொல்லிட்டாராம் சார். கப்பலே முழுகிடுமாம். அந்தச் சபைக்காரங்க அப்பிடிப் படம் ஒண்ணு கண்ணுல பட்டா, வந்த வழியே திரும்பிப் போய்டுவாங்களாம்.”

நான் உடனே தலையாட்டி, “ஆமாம், நானும் படித்திருக்கிறேன்” என்றேன். (எங்கே படித்தேன் என்று இன்றுவரை எனக்கே தெரியாது.) சாயபு வெலவெலத்துப் போனார்.

“நீ படிச்சவன். துரை வர்றதுக்குள்ள அந்த மாதிரி இன்னா இருந்தாலும் நீயே பாத்து எடுத்துடு” என்று முழு அதிகாரத்தையும் என்னிடம் ஒப்படைத்துவிட்டார்.

சாட்டை கையில் கிடைத்த மாதிரி டேனரியைச் சுற்றி வந்தேன். ஆபீஸில் ஒரு ஜெர்மன் சாயக் கம்பெனியின் காலண்டர் தொங்கியது. அதில் ஒரு சீமைப் பெண் அருவியில் குளித்துக்கொண்டிருந்தாள். தேதி பார்க்க நான் அடிக்கடி போவேன். (அந்த வருடம் எனக்கு ஒரு தேதியும் தவறியதில்லை.) கழற்றினேன். ஆவாரம்பட்டை மூட்டைகளுக்குப் பின்னால் பிரெஞ்சு தபால் அட்டைகள் சில கிடைத்தன. அவற்றை அங்கே வைத்தது யார் என்று கேட்டபோது, எல்லாரும் தோலைத் தேய்ப்பதில் அப்படியொரு மும்முரம் காட்டினார்கள். எல்லாவற்றையும் வெந்நீர் அடுப்பில் போட்டு எரித்தேன். எரியும்போது ஒழுக்கத்தைப் பற்றிச் சின்னதாக ஒரு பிரசங்கமும் செய்தேன். சாயபுவின் தலைக்குமேல் மாட்டியிருந்த பழைய மகாராணி படத்தில் கழுத்து கொஞ்சம் இறக்கமாகப் பட்டது. யோசித்துப் பார்த்து, ஒரு பூமாலையை நாலு சுற்றாகச் சுற்றிவிட்டேன்.

அதோடு வீட்டுக்குப் போயிருக்கலாம். கிடங்கையும் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று புத்தி போயிற்று.

கிடங்கில் கப்பலுக்குத் தயாராகக் கோணியில் சுற்றிய தோல் கட்டுகள் அடுக்கியிருந்தன. ஒவ்வொரு கட்டின் மேலும் எங்கள் மார்க்கா. அது ஒரு கடல்கன்னி. இடுப்புக்குக் கீழே மீன். இடுப்புக்கு மேலே ஆண்டவர் படைத்தபடி. முன்பு டேனரியை வைத்திருந்த வெள்ளைக்காரன் விட்டுப்போன மார்க்கா அது. அதைப் பார்த்தால் சீமையில் கட்டைப் பிரிக்காமலே வாங்குவார்கள் என்பதால் சாயபு மாற்றவில்லை. கட்டுகளுக்கு முத்திரை போடும்போது மட்டும் அவர் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார். தினமும் பார்த்துப் பழகிய எனக்கு அன்றைக்குத்தான் அவள் நிர்வாணம் கண்ணில் பட்டது. கிடங்கு நிறைய அம்மணம்!

“சின்னப்பன், கறுப்பு மை கொண்டாங்க” என்றேன்.

மத்தியானம் தொடங்கி விளக்கு வைக்கும்வரை ஒவ்வொரு கடல்கன்னிக்கும் ரவிக்கை வரைந்தேன். முதலில் சாதாரண ரவிக்கைதான் வரைந்தேன். கை பழகப் பழகக் கழுத்துக்குச் சரிகைக் கரை வந்தது. கடைசி வரிசையில் இருந்தவர்களுக்குப் புஜத்தில் உப்பிய கை வைத்துத் தைத்த மாதிரியே போட்டுவிட்டேன்.

“முழங்கை வரைக்கும் இழுங்க சார், கர்த்தர் பாக்குறாரு” என்று மைக்கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு மேஸ்திரி ஊக்கப்படுத்தினார். கோணியில் மை ஊறிப் பரவியதில் கடல்கன்னிகள் எல்லாரும் கொஞ்சம் பூரித்துப் போனார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் பத்துப் பிள்ளை பெற்ற அம்மாள் ஒருத்தி கூடைக்குள் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது. எனக்குப் பரம திருப்தி.

மறுநாள் துரை வந்தார். நெட்டையான ஆள், வெயிலில் சிவந்த முகம், அமைதியான பேச்சு. மோரை ருசித்துக் குடித்தார். மகாராணியின் மாலையைப் பார்த்து, “இன்று இவருக்குப் பிறந்தநாளா?” என்று கேட்டார். பிறகு எல்லாருமாகக் கிடங்குக்குப் போனோம்.

துரை வாசலிலேயே நின்றார். ஒரு கட்டைப் பார்த்தார். இன்னொன்றைப் பார்த்தார். குனிந்து, ஒரு ரவிக்கையை விரலால் தடவிப் பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் முகம் மாறியிருந்தது.

“எனக்குக் கடல்கன்னி மார்க்கா வேண்டும். போலி மார்க்கா போட்டு ஏமாற்றுவார்கள், ஜாக்கிரதை என்று சொல்லித்தான் என்னை அனுப்பினார்கள். இப்படி வெளிப்படையாக ஏமாற்றுவார்கள் என்று நான் நினைக்கவில்லை” என்று இங்கிலீஷில் சொன்னார்.

“இன்னாப்பா சொல்றாரு?” என்றார் சாயபு.

மொழிபெயர்க்கிற உத்தியோகம் என்னுடையது. என் வாயாலேயே என் வேலைக்குச் சீட்டு கிழிக்க மனம் வரவில்லை.

“வெயில் ஜாஸ்தியா இருக்குதுன்னு சொல்றாருங்க.”

துரை தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு வண்டியை நோக்கி நடந்தார். வெயிலுக்காக யாரும் அவ்வளவு வேகமாக நடப்பதில்லை என்று சாயபுவுக்கும் புரிந்துவிட்டது. அவர் முகத்தைப் பார்த்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. டேனரி, உத்தியோகம், கிரேஸ் எல்லாம் அந்தத் தொப்பியோடு போய்க்கொண்டிருந்தன. ஓடிப்போய் வழியை மறித்து நின்றேன். அதுவரை படித்த இங்கிலீஷெல்லாம் காணாமல் போய், ஒரே ஒரு வாக்கியம்தான் மிஞ்சியது.

“ஐயா, அது அவள்தான். நான் அவளுக்கு உடை கொடுத்தேன்.”

“ஏன்?”

“உங்கள் தீர்க்கதரிசி…” என்று தொடங்கி, சகலை, பியூன், பட்லர், கப்பல் முழுகுவது வரை உளறிக் கொட்டினேன். துரை திரும்பி வந்து ஒரு கட்டின்மேல் உட்கார்ந்தார்.

“அந்த பட்லருக்கு யார் சொன்னது?”

“தெரியாது ஐயா.”

“எங்கள் ஊரிலும் இதே தொல்லைதான்” என்று பெருமூச்சு விட்டார். “தீர்க்கதரிசி இப்படிச் சொன்னாராம், அப்படிச் சொன்னாராம் என்று வாரத்துக்கு ஒன்று கிளம்பும். அவர் வாயால் கேட்டவன் ஒருவனையும் நான் பார்த்ததில்லை. நான் நேரில் கேட்டபோதெல்லாம், கடன் வாங்காதே, வீட்டில் தானியம் சேர்த்து வை என்றுதான் சொன்னார்.”

“அப்படியானால் ஆபாசப் படம்?”

அவர் குரல் கண்டிப்பானது. “அது எங்கள் சபைக்குப் பிடிக்காது. எனக்கும் பிடிக்காது. ஒரு பெண்ணைக் கடைச்சரக்கு மாதிரி பார்ப்பது கெட்ட பழக்கம். அது தெரிவதற்குத் தீர்க்கதரிசி எதற்கு? என் அம்மாவே போதும். ஆனால் தம்பி, இவள் மார்க்கா. இவளைத் தேடித்தான் நான் கடல் கடந்து வந்திருக்கிறேன்.” (இதை அவருடைய சம்சாரம் கேட்காதது நல்லதாகப் போயிற்று.)

ஆனாலும் வியாபாரி வியாபாரிதான். கட்டுகள் எல்லாவற்றையும் பிரித்து ஒவ்வொரு தோலாகப் பார்த்த பிறகே வாங்கினார். டேனரி ஆட்கள் அத்தனை பேரும் பிரித்த கட்டைத் திரும்பக் கட்டிக்கொண்டே என்னைத் திட்டினார்கள். சாயபு மட்டும் என்னைப் பார்க்காமல் கணக்குப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். மறுநாள் ரவிக்கைக்காரிகள் ரயிலேறி மதராஸுக்குப் போனார்கள்.

கதை மட்டும் இன்னொரு ரயிலேறி வேலூருக்குப் போயிற்று. போகிற வழியில் காட்பாடியில் இறங்கிக் கொஞ்சம் சதை போட்டிருக்க வேண்டும். உபதேசியார் காதுக்குப் போனபோது, “மாப்பிள்ளை டேனரியில் அம்மணப் பெண்களை வரிசையாக நிறுத்தித் துரைக்குக் காட்டினார். பிறகு ஒவ்வொருத்திக்கும் தன் கையாலேயே ரவிக்கை போட்டுவிட்டார்” என்று ஆகியிருந்தது. முதல் ஓலை வாசிக்க வேண்டிய ஞாயிறு அவர் அதை நிறுத்திவிட்டார். குடையோடு ஆம்பூருக்கு வந்து இறங்கினார்.

“பொம்பளைங்க இல்லீங்க ஐயா, படம். பாதி மீனு” என்று கெஞ்சினேன்.

“எங்கே, காட்டு.”

கட்டுகள் கப்பலுக்குப் போய்விட்டன. கிடங்கில் மிச்சம் இருந்தது முத்திரை போடும் தகர அச்சு ஒன்றுதான். அதைக் கொண்டுவந்து காட்டினேன். காட்டிய பிறகுதான் உறைத்தது. ரவிக்கை போட்டதெல்லாம் கோணியில். அச்சில் அவள் பழையபடியேதான் இருந்தாள். உபதேசியார் கண்ணை மூடிக்கொண்டு, குடையை எடுத்தார்.

அப்போதுதான் சாயபு வாயைத் திறந்தார்.

“உபதேசியாரே, உக்காருங்க. இவனுக்கு மூளை கம்மி, ஒத்துக்கறேன். இவனால என் டேனரியே மூழ்கத் தெரிஞ்சுது. ஆனா ஒண்ணு. மீனுக்கே ரவிக்கை போட்டவன் உங்க பொண்ணை வெக்கப்பட வெப்பானா? தைரியமா குடுங்க.”

உபதேசியார் குடையைக் கீழே வைத்தார். பிறகு மெதுவாக, “எங்க கிரேஸும், நேர்ல பாத்தவங்க யாருன்னு கேட்டுட்டு வாங்கப்பான்னுதான் சொல்லி அனுப்பிச்சுது” என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகவே அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று அன்றைக்கு முடிவு செய்தேன். அடுத்த ஞாயிறு ஓலை வாசித்தார்கள்.

கொஞ்ச மாதம் கழித்து பார்க்கர் துரையிடமிருந்து அடுத்த ஆர்டர் வந்தது. ஒவ்வொரு தோலாகப் பார்த்து எடுத்த சரக்கு என்பதால் அந்தக் கட்டுகளுக்கு அங்கே நல்ல பேர். இனிமேல் ரவிக்கை போட்ட மார்க்காதான் வேண்டுமாம். சாயபுவுக்கு வந்த சந்தோஷத்தில் அன்றைக்கே தகரத்தில் புது அச்சு வெட்டச் சொன்னார். முதல் முறையாக, முத்திரை போடும்போது நேருக்கு நேர் நின்று பார்த்தார்.

இப்போது என் மகளுக்கே கல்யாண வயது. போன வாரம் தையற்காரன் அவள் ரவிக்கையைக் கெடுத்துவிட்டான் என்று வீட்டில் ஒரே ரகளை. கிரேஸ் தலையைக்கூட நிமிர்த்தாமல் அரிசி புடைத்துக்கொண்டே சொன்னாள்:

“துணிய உங்கப்பாகிட்ட குடுடி. அவரு போட்ட ரவிக்கை கடல் தாண்டிப் போச்சு, ஒரு எடத்துல கூட பிரியல.”