மூன்றாம் மாடியிலிருந்து பதில் இல்லை

"ஒரு ஃபைல் திறக்க ஒரு யுகம் ஆகுது சார்" என்று வரைபடக்காரம்மா எட்டிப் பார்த்தபோது மணி பத்து.

கட்டடங்களுக்கு வரைபடம் போடும் அந்த அலுவலகத்தில், எல்லாருடைய ஃபைல்களும் தரைத்தளத்துச் சர்வரில் இருந்தன. அதைக் கட்டி மேய்ப்பவரைச் சர்வர்காரர் என்பார்கள். மூன்றாம் மாடியில் உட்கார்ந்தபடி, நெட்வொர்க் வழியாகவே அதற்குக் கட்டளை கொடுப்பார். எட்டு வருஷமாக எல்லாம் ஒழுங்காக ஓடியதில், அப்படி ஒருவர் இருப்பதே பலருக்கு மறந்துபோயிருந்தது.

அதுவே வினையாகிவிட்டது. "சர்வர்தான் தானா ஓடுதே, அதுக்கு ஒரு ஆள் எதுக்கு?" என்று மேனேஜர் நேற்றுக் கேட்டுவிட்டார். வேலையை விட்டு நிறுத்தும் கடிதம் அவர் மேசையில் தயாராக இருந்தது. இன்று பன்னிரண்டு மணிக்குக் கையெழுத்து என்பது அலுவலகம் முழுக்கத் தெரியும்.

இன்றைக்கென்று பார்த்தா இந்தப் புகார் வர வேண்டும்? "ரெண்டே நிமிஷம்மா" என்று சொல்லிவிட்டுச் சர்வர்காரர் விசைப்பலகையை இழுத்தார். நெட்வொர்க்கை நிறுத்தித் திரும்பத் தொடங்கினால் சரியாகிவிடும். ஒரே வரியில் இரண்டு கட்டளை, முதலில் 'நிறுத்து', பின்னால் 'தொடங்கு'. அடித்து என்டரைத் தட்டினார். திரை கல்லாகச் சமைந்துவிட்டது.

'தொடங்கு' போட்டோமா? போட்ட மாதிரியும் இருந்தது, போடாத மாதிரியும் இருந்தது. போடவில்லை என்றால், ஏறி நின்ற ஏணியைத் தானே எட்டி உதைத்த கதைதான். நெட்வொர்க்கே நின்ற பிறகு, அதன் வழியாக 'தொடங்கு' என்று எப்படிச் சொல்வது?

மாடிப்படியை நோக்கி ஓடினார். கூட்டிப் பெருக்கும் அக்கா அப்போதுதான் அலமாரியிலிருந்து துடைப்பத்தோடு வெளியே வந்தார். துடைப்பமும் வாளியும் வைக்கும் அந்த அலமாரியில்தான் எந்தப் புண்ணியவானோ மூன்றாம் மாடியின் நெட்வொர்க் பெட்டியையும் மாட்டியிருந்தான். "அக்கா, இந்த நீல வயர்ல மட்டும் கை படாம பாத்துக்குங்க, இது போனா மாடியே போச்சு" என்று சர்வர்காரர் என்றைக்கோ கெஞ்சியிருந்தார். அன்று முதல் அக்கா அதைத் துணி போட்டு மூடி, பிள்ளையைப் போலப் பார்த்துக்கொண்டார்.

"என்ன தம்பி, மூஞ்சி வெளிறிப் போச்சு?"

"என் கையாலேயே கெடுத்துக்கிட்டேன் அக்கா."

"என் பொண்ணோட காலேஜ் ஃபாரம் அழிஞ்சப்ப, ரெண்டு நாள் உக்காந்து மீட்டுக் குடுத்தீங்க. உங்களுக்கு ஒண்ணும் ஆகாது, போங்க."

கீழே சர்வரின் முன் உட்கார்ந்து 'தொடங்கு' என்று அடித்தார். நான் ஓடிக்கொண்டுதான் இருக்கிறேன் என்றது சர்வர். அவர் நம்பவில்லை. பிங் என்றொரு கட்டளை உண்டு, கதவைத் தட்டி 'இருக்கிறாயா?' என்று கேட்கிற வேலை அதற்கு. மூன்றாம் மாடிக் கணினிகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். ஒருவரும் வாயே திறக்கவில்லை.

தப்பு தன்னுடையதுதான் என்று முடிவுகட்டிவிட்டவர் வேறெங்கே தேடுவார்? சர்வரின் முகவரியை மாற்றிப் பார்த்தார். அதுவரை நன்றாக இருந்த தரைத்தள வரவேற்பறையின் பிரிண்டரும் படுத்துவிட்டது. ஃபோல்டர்களைப் பகிரும் பட்டியலை அழித்துவிட்டு, பழைய பிரதி ஒன்றை எடுத்துப் போட்டார். அது இரண்டு வருஷத்துக்கு முந்தையது. வேலையை விட்டுப் போனவர்களெல்லாம் அதில் திரும்ப வந்து உட்கார்ந்துகொண்டார்கள். போன வருஷம் சேர்ந்த மேனேஜரை மட்டும் யாரென்றே சர்வருக்குத் தெரியவில்லை.

தொலைபேசி அடித்தது.

"என்னய்யா நடக்குது?" மேனேஜர்தான். "பன்னிரண்டு மணிக்கு வரைபடம் போகணும். இங்க எல்லாரும் கையைக் கட்டிட்டு உக்காந்திருக்காங்க."

"இதோ ஆச்சு சார்."

ஆகவில்லை. கைவைத்ததையெல்லாம் ஒவ்வொன்றாகப் பழையபடிக்கே மாற்றி வைத்தார். பிரிண்டர் எழுந்தது, மூன்றாம் மாடி எழவில்லை. மணி பதினொன்றே முக்கால். இனி உண்மையைச் சொல்லிவிட வேண்டியதுதான் என்று படியேறினார்.

மேனேஜர் அறைக்கு வெளியே அக்கா தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சார், தப்பு என்னோடதுதான்" என்றார் சர்வர்காரர். "கட்டளையை அரைகுறையா அடிச்சுட்டேன். இதைச் சரி பண்ணிக் குடுத்துட்டே போறேன். அதுக்கப்புறம் கையெழுத்துப் போடுங்க."

மேனேஜர் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"ரெண்டு மணி நேரமா இந்த மாடியில ஒருத்தர்கூட ஒரு கோடு போடல. இத்தனை நாளா நீங்க என்ன பண்ணிட்டிருந்தீங்கன்னு இன்னைக்குத்தான் உறைக்குது. உங்களை அனுப்பிட்டு தினமும் நான் இப்படி உக்காந்திருக்கவா?"

சொல்லிக்கொண்டே கடிதத்தை எடுத்து நாலாகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டார். அக்கா சத்தமில்லாமல் உள்ளே வந்து கூடையை எடுத்துக்கொண்டு போனார். சர்வர்காரர் கை கூப்பினார்.

ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது.

"திறந்துடுச்சு" என்று கூடத்திலிருந்து வரைபடக்காரம்மாவின் குரல் வந்தது.

மேனேஜரின் கணினியும் திறந்தது. "இங்க நின்னுக்கிட்டே எப்படி சரி பண்ணினீங்க?"

"சில சமயம்... கொஞ்சம் நேரம் எடுத்துக்கும் சார்" என்று சர்வர்காரர் மென்று விழுங்கினார்.

வரைபடம் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. எட்டு வருஷத்தில் முதல் முறையாக ஆளாளுக்கு வந்து அவர் கையைப் பிடித்து நன்றி சொன்னார்கள். அவருக்கோ எல்லார் மேலும் நன்றி பொங்கியது, மேனேஜர் மேல், வரைபடக்காரம்மா மேல், ஏன், அந்தச் சர்வர் மேல்கூட. யார் காலிலாவது விழ வேண்டும் போலிருந்தது. அலமாரிப் பக்கம் போனார். அக்கா வாளியைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க சொன்ன வாக்கு பலிச்சுடுச்சு அக்கா. நான் பண்ணினது எதுவுமே வேலைக்கு ஆகல. கடைசியில நெட்வொர்க் அதுவா வந்துடுச்சு."

"அதுவா எங்க தம்பி வந்துச்சு?" என்றார் அக்கா, நீல வயர் மேல் துணியை இழுத்து மூடியபடி. "பத்து மணிக்குப் பிடுங்கினதை, அந்தக் கடுதாசி கிழியற சத்தம் கேட்டப்புறம்தானே திரும்பச் சொருகினேன்."